ஜூலை வெயிலில் ஆர்.வி. ஃபிரிட்ஜ்: அக்காவின் டிப்ஸ்

லாஸ் வேகஸில் ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியை வாடகைக்கு எடுத்து, சயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று போகப்போகிறோம் என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போவது ஜூலையில் என்றாயே, அங்கேதான் எனக்குக் கவலை. படுக்கையை எப்படி இழுத்துப் போடுவது, கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்பதையெல்லாம் வண்டி கொடுக்கிறவர்களே சொல்லித்தருவார்கள். ஃபிரிட்ஜை மட்டும் திறந்து காட்டி மூடிவிடுவார்கள். சின்னவனின் பாலும் உன் மாமியாரின் இன்சுலினும் அதற்குள்தான் இருக்கப்போகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இதை நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் இருப்பதில் கம்ப்ரெஸர் உண்டு. வெயில் ஏறினால் அது கூடுதல் நேரம் ஓடிச் சமாளிக்கும். ஆர்.வி.க்களில் இன்றும் நிறைய இருப்பது கம்ப்ரெஸரே இல்லாத வகை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்டுபிடித்தது. 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்பக்கக் குழாய்களில் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்து மூடியிருப்பார்கள். அடியில் ஒரு சின்ன கேஸ் சுடரோ, மின்சார ஹீட்டரோ அந்தத் தண்ணீரைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும். மேலே உள்ள குழாயில் தன் சூட்டை வெளிக்காற்றுக்கு விட்டுத் திரவமாகும். அது இறங்கி ஹைட்ரஜனோடு சேரும் இடத்தில் மறுபடி ஆவியாகும்போது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து, பழைய இடத்துக்கே வந்து சேரும். நெருப்பை வைத்துக் குளிரூட்டும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இதில் சுழலும் பாகம் ஒன்றுமில்லை. சூட்டாலும் புவியீர்ப்பாலும் மட்டுமே வேலை நடக்கிறது. அதனால் மெதுவாகத்தான் குளிரும், வண்டி சாய்ந்து நின்றால் தடுமாறும், வெளிக்காற்றே 110 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 43 செல்சியஸில் கொதித்தால் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் திணறும். குமிழைக் கடைசி எண்வரை திருப்பி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. உள்ளே சூடு போகாமல் தடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழிவிட வேண்டும். நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்குள்தான்.

வண்டியை வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுவிடு. முகப்பில் கேஸ், ஏசி (கரண்ட்), ஆட்டோ என்று பொத்தான்கள் இருந்தால் நான் சொன்ன அம்மோனியா வகை. புதிய வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் வருகிறது. அப்படி அமைந்தால் பாதிக் கவலை போயிற்று. அது வேகமாகக் குளிரும், கொஞ்சம் சாய்வும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெயிலில் அது நிற்காமல் ஓடிப் பேட்டரியைக் காலி செய்துவிடும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரவு தங்கினால், கூரையில் சோலார் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்.

முந்தின நாளே ஆரம்பி

அம்மோனியா வகை ஃபிரிட்ஜ் முழுக்கக் குளிர ஓர் இரவு பிடிக்கும். காலையில் சாவி வாங்கி, மத்தியானம் சாமான் ஏற்றி, சாயங்காலம் பால் கெட்டுவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் அநேகம். முந்தின நாளே ஃபிரிட்ஜைப் போட்டு வைத்துத் தர முடியுமா என்று வண்டி கொடுக்கிறவர்களிடம் கேள். பலர் செய்து தருவார்கள். முடியாது என்றால், முதல் நாள் இரவு மின் இணைப்புள்ள இடத்தில் தங்கு. அன்றைக்கு ஃபிரிட்ஜுக்குள் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் போதும். சாப்பாட்டுச் சாமான்களெல்லாம் ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உள்ளே வைக்கும் எதுவும் ஏற்கெனவே குளிர்ந்திருக்க வேண்டும். கடையிலிருந்து நேராகக் கொண்டுவந்து இருபது சோடா டின்களை அடுக்கினால், அவற்றைக் குளிர வைக்கவே ஃபிரிட்ஜுக்கு அன்றைய பகல் போதாது. கடைக்குப் போவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள். பாலைவனத்தில் இரவுக் காற்று நன்றாகக் குளிரும். பகலில் விட்டதை ஃபிரிட்ஜ் பிடிப்பது அந்த நேரத்தில்தான்.

வண்டி மட்டமாக நிற்கட்டும்

கேம்ப்கிரவுண்டில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. இரண்டு டாலருக்குக் கிடைக்கும் சின்ன ரசமட்டம் ஒன்றை ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் தளத்தின் மேல் வை. ஃபிரிட்ஜை நேருக்கு நேர் நின்று பார்க்கும்போது பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரைதான் இவை பொதுவாகத் தாங்கும். உன் மாடலுக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். கூடுதலாகச் சாய்ந்தால் உள்ளே ஓட வேண்டிய திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும். அடியில் நெருப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். குளிர்ச்சி நின்றுபோவதோடு, குழாயே நிரந்தரமாகப் பாழாகலாம். ஓடும் வண்டியில் ஆட்டத்தில் திரவம் அசைந்துகொண்டே இருப்பதால் இந்தப் பயம் இல்லை. சரிவான சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் மலையேறப் போவதுதான் ஆபத்து. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் வண்டியோடு வருகின்றனவா என்று பார்; வராவிட்டால் வாங்கிக்கொள்.

வெயில் எந்தச் சுவரில் விழுகிறது?

இதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சுற்று வா. ஒரு பக்கச் சுவரின் அடியில் சல்லடை போட்ட ஒரு கதவு இருக்கும். அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு மூடி. இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஃபிரிட்ஜின் முதுகு. கீழே நுழையும் காற்று குழாய்களின் சூட்டை வாங்கிக்கொண்டு, பழைய வீட்டு அடுக்களையின் புகைபோக்கியில் புகை ஏறுவதைப் போல மேலே போய் வெளியேறும். இந்தக் காற்றோட்டம்தான் ஃபிரிட்ஜின் உயிர்.

அந்தச் சுவரில் மாலை வெயில் விழுந்தால், உள்ளே நுழையும் காற்று சுவரோரத்திலேயே காய்ந்து சூடாகித்தான் வரும். ஆகவே அந்தப் பக்கம் வடக்கையோ கிழக்கையோ பார்க்கும்படி வண்டியை நிறுத்து. இடத்தை முன்பதிவு செய்யும்போதே வரைபடத்தைப் பார்த்து, வண்டி எந்தத் திசையில் நிற்கும் என்று கணக்குப் போடலாம். மாப்பிள்ளை கூகுள் மேப்பில் கெட்டிக்காரர்தானே, அந்த வேலையை அவரிடம் விட்டுவிடு. திசை அமையாவிட்டால், வெளுத்த துணியையோ நிழல்வலையையோ அந்தச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, பந்தல் மாதிரி கட்டு. சல்லடைக் கதவின் மேல் எதையும் ஒட்டிப் போர்த்தாதே. காற்று நின்றுவிடும், கேஸில் ஓடினால் உள்ளே நெருப்பு எரிகிறது என்பதையும் மறந்துவிடாதே.

வண்டிக்குள்ளும் சூடு குறைய வேண்டும். முன் கண்ணாடிக்கும் கூரை ஜன்னல்களுக்கும் வெள்ளி நிறத் தடுப்பு போட்டுவிடு. மின் இணைப்பு இருக்கும்போது வெளியே சுற்றப் போனாலும் ஏசியை முழுக்க அணைத்துவிடாதே, ஃபிரிட்ஜின் கதவும் பக்கங்களும் அந்த அறைக்காற்றில்தான் இருக்கின்றன. நாலு பேருக்குச் சமையலென்றால் வெளியே மேசையில் கேஸ் அடுப்பை வைத்துச் செய். உள்ளே குக்கர் வைத்துச் சோறு வடித்தால் அந்த ஆவியும் சூடும் ஃபிரிட்ஜின் தலையில்தான் விடியும்.

ஃபிரிட்ஜுக்குள் வைக்கப் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி கிடைக்கிறது. அவசியம் வாங்கு. பின்சுவரில் இருக்கும் அலுமினியத் தகடுகள்தான் சூட்டை உறிஞ்சுகின்றன. காற்று தானாக அங்கே போய்வர நேரமாகும், விசிறி அதைத் துரிதப்படுத்தும். முதுகுப்பக்கத்தில் 12 வோல்ட் விசிறி பொருத்துவதும் வெயிலில் நல்ல பலன் தரும். ஆனால் வாடகை வண்டியில் அதில் கை வைக்காதே.

கேஸா, கரண்டா?

கேம்ப்கிரவுண்டில் கம்பியைச் செருகிவிட்டால் ஃபிரிட்ஜ் ஆட்டோவில் கரண்டுக்கு மாறிவிடும். சாதாரண நாளில் அது நல்லதுதான். ஆனால் 105 டிகிரி வெயிலில் அத்தனை வண்டிகளும் ஏசி ஓட்டும்போது, பழைய கேம்ப்கிரவுண்டுகளில் 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 105 வோல்ட்தான் வரும். ஹீட்டரின் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் கிட்டத்தட்ட கால் பங்கு சக்தி போய்விட்டது. செருகினால் வோல்ட்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்துக்கொள். எண் இறங்கியிருந்தால் ஃபிரிட்ஜைக் கேஸுக்கு மாற்றிவிடு. கேஸ் சுடருக்கு வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை.

உயரமான இடத்தில் இதற்கு நேர்மாறு. சுமார் 5,500 அடிக்கு மேலே காற்று மெலிவதால் கேஸ் சுடர் மங்கலாம், சில சமயம் அணைந்தும் போகும். உன் பயணத்தில் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி, பிரைஸ் 8,000 அடி. அங்கே கரண்ட் கிடைத்தால் கரண்டுதான் நல்லது. தெற்கு விளிம்பில் ட்ரெய்லர் வில்லேஜில் மின் இணைப்பு உண்டு, பக்கத்திலிருக்கும் மேதர் கேம்ப்கிரவுண்டில் கிடையாது. கரண்ட் இல்லாத இடத்தில் தங்கினால், காலையும் இரவும் ஃபிரிட்ஜின் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள். நல்லவேளை, அந்த உயரத்தில் வெயிலின் கடுமை குறைவு.

சில வண்டிகளில் 12 வோல்ட் என்று மூன்றாவது வழியும் இருக்கும். ஓட்டும்போது இருக்கிற குளிரைக் காப்பதற்கு மட்டும்தான் அது உதவும். நிறுத்திய பின் அதிலேயே விட்டால் பேட்டரி தீரும், ஃபிரிட்ஜும் குளிராது.

ஓட்டும்போது கேஸைப் போட்டு வைப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நட. பெட்ரோல் பங்குக்குள் நுழைவதற்கு முன்பு மட்டும் எந்த வாதமும் இல்லாமல் ஃபிரிட்ஜை அணைத்துவிடு. அங்கே திறந்த சுடர் எரியக் கூடாது. நன்றாகக் குளிர்ந்து, நிறைந்து, கதவு திறக்காத ஃபிரிட்ஜ் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

என்ன வைப்பது, எங்கே வைப்பது

உள்ளே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கட்டும், ஆனால் காற்று நடமாட இடம் வேண்டும். தட்டின் மேல் பேப்பரோ பிளாஸ்டிக் விரிப்போ போடாதே, குளிர்ந்த காற்று கீழே இறங்காது. பால், தயிர், கறி, முட்டை எல்லாம் கீழ்த்தட்டில். ஊறுகாய், சாஸ் மாதிரி கெடாத சமாசாரங்கள் கதவில். அதிகம் சூடாவது கதவுதான்; சின்னவனின் பாலை அங்கே வைக்காதே. எல்லாவற்றையும் மூடியே வை. ஈரம் பறந்து பின் தகடுகளில் உறைபனி படிந்தால், அதுவே தகட்டுக்குக் கம்பளி போர்த்தினாற்போல் ஆகிக் குளிர்ச்சியைத் தடுத்துவிடும்.

இன்சுலினை அந்தத் தகடுகளுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. திறக்காத இன்சுலின் 36 முதல் 46 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பின்னும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு டப்பாவில் துணி சுற்றி, நடுத்தட்டில் முன்பக்கமாக வை. உபயோகத்தில் இருக்கும் பேனாவை வெளியில் எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். கிளம்புமுன் மருந்துக் கடையில் கேட்டு எழுதிக்கொள். நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில் மட்டும் ஒரு நிமிடம்கூட வைக்க வேண்டாம்.

நம் வீட்டுச் சமையலுக்கென்று சில விஷயங்கள். இட்லி மாவு கொண்டுபோக ஆசைப்படுவாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஃபிரிட்ஜில் அது புளித்துக்கொண்டேதான் இருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே, முதல் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடு. அதற்குப் பிறகு வறுத்த ரவை, சேமியா, அவல் போதும். தேங்காய்ச் சட்னி இந்தப் பயணத்துக்குத் தோதுப்படாது. பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, தக்காளித் தொக்கு எடுத்துக்கொள். கெட்டிச் சாம்பாரும் கூட்டும் செய்து, ஜிப் பையில் தட்டையாக ஊற்றி வீட்டிலேயே கல்லாக உறைய வைத்துக் கொண்டுபோ. போகும் வழியில் அவையே ஐஸ் கட்டிகளாக உதவும், பிறகு சாப்பாடாகவும் ஆகும். அட்டைப்பெட்டியில் வரும், திறக்கும்வரை வெளியே இருக்கக்கூடிய பால் சில வைத்துக்கொண்டால் ஃபிரிட்ஜ் ஏமாற்றினாலும் பிள்ளைக்குக் கவலையில்லை.

சோற்று விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பாக இரு. வேகவைத்தாலும் சாகாத பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் உண்டு. ஆறிய சோறு வெப்பத்தில் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. வண்டிக்குள் சூட்டில் கிடந்த தயிர்சாதத்தைப் புளிக்கவில்லையே என்று மோந்து பார்த்துப் பசங்களுக்குக் கொடுக்காதே. ஒருவேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வடி.

குடிப்பதற்கு மட்டும் தனியாக ஓர் ஐஸ் பெட்டி வைத்துவிடு. நான் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய். பசங்க தண்ணீருக்கும் ஜூஸுக்கும் நாள் முழுக்கக் கதவைத் திறந்தால் எந்த ஃபிரிட்ஜும் மீளாது. ஐஸ் பெட்டியில் கட்டி ஐஸ் கிடைத்தால் வாங்கிப் போடு, துண்டு ஐஸைவிட நெடுநேரம் நிற்கும். பெரிய ஃபிரிட்ஜை ஒருவர்தான் திறக்க வேண்டும், என்ன எடுக்கப்போகிறோம் என்று யோசித்துவிட்டுத் திறக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டுவிடு.

கதவு ரப்பரையும் சோதித்துப் பார். ஒரு டாலர் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழு. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. வண்டியை எடுக்கும்போதே காட்டிச் சொல்லிவிடு.

ஒரு வாசனையைத் தெரிந்து வைத்துக்கொள். ஃபிரிட்ஜுக்குள்ளோ வெளிச் சல்லடைக்குப் பின்னாலோ காரமாக, கண்ணெரிக்கும்படி அம்மோனியா நெடி அடித்தாலோ, பின் குழாய்களில் மஞ்சள் நிறப் பொடி தெரிந்தாலோ, குழாய் கசிகிறது. உடனே அணைத்து, கேஸை மூடி, ஜன்னல்களைத் திறந்து எல்லாரையும் வெளியே அழைத்துவந்துவிடு. மஞ்சள் பொடி நஞ்சு, கையால் தொடாதே. வண்டி கொடுத்தவர்களைக் கூப்பிடு, திரும்பப் போட்டுப் பார்க்காதே.

கடைசியாகத் தெர்மாமீட்டர். ஃபிரிட்ஜ் குளிர்கிறதா என்பதை முகப்பு விளக்கோ உன் உள்ளங்கையோ சொல்லாது. சில டாலருக்கு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் கிடைக்கும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அதை வைத்தால், கதவைத் திறந்து மூடுவதால் எண் குதிக்காது, சாப்பாட்டின் உண்மையான சூடு தெரியும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 4 செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி, 37-ஐக் குறிவைத்துக்கொள். பிற்பகலில் கொஞ்சம் ஏறி இரவில் இறங்கும், அதற்குப் பதறாதே. 40-க்கு மேலே ஏறியே நின்றால் பால், கறி, சமைத்த சாப்பாடு எல்லாவற்றுக்கும் அமெரிக்க விவசாயத் துறை கொடுக்கும் கெடு 2 மணி நேரம். சுற்றியுள்ள காற்று 90 டிகிரிக்கு மேல் இருக்கும்போது வெளியே வைத்த சாப்பாட்டுக்கு 1 மணி நேரம்தான். அது தாண்டினால் கொட்டிவிடு. எத்தனை டாலர் போயிற்று என்று பார்க்காதே, பிரைஸ் பக்கத்தில் இரவில் மருத்துவமனை தேடி மலைப்பாதையில் ஓட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

தெர்மாமீட்டர் இரண்டாக வாங்கு, ஒன்று ஃபிரிட்ஜுக்கு, ஒன்று ஐஸ் பெட்டிக்கு. இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு.